நடிப்பு என்று தெரிந்தும் சீரியல் வில்லனைத் திட்டும் அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

அம்மாவும் மனைவியும் ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து வில்லனை வாய்விட்டுத் திட்டுகிறார்கள், சில நாள் அழவும் செய்கிறார்கள், "எல்லாம் நடிப்புதானே" என்று சொன்னால் கோபம் வருகிறது, எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அநேகமாக அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வருவீர்கள், சாப்பாடு எடுத்து வைக்க யாராவது எழுந்து வர வேண்டும், விளம்பரம் வரும்வரை வர மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பதால் சொல்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அவர்களுக்குப் புரியவைக்க எதுவும் இல்லை. நடிப்பு என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். எந்த நடிகை எந்த சீரியலில் யாருக்கு அம்மாவாக வந்தார், இப்போது எந்த சேனலில் யாருக்கு மாமியார் என்று என் மாமியார் வரிசையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர்தான் 'எதிர்நீச்சல்' சீரியல் ஆரம்பித்து ஒன்றரை வருஷத்துக்கு, அதில் வரும் ஆதி குணசேகரனைத் தினமும் சபித்தார். "இவன் வெளங்குவானா, இவன் கை கால் வெளங்குமா" என்று ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தை வரைக்கும் போவார். வேறு நேரத்தில் அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எதிர்நீச்சல் சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்து 2024 ஜூனில் முடிந்தது, இரவு ஒன்பதரைக்கு வரும். இயக்கியவர் திருச்செல்வம், 'கோலங்கள்' எடுத்தாரே, அதில் தொல்காப்பியனாக நடித்தாரே, அவர்தான். அண்ணன் தம்பி நாலு பேர், மூத்தவர் குணசேகரன். நன்றாகப் படித்த பெண்களாகத் தேடித் தேடிக் கட்டிக்கொண்டு வந்து, எல்லோரையும் அடுப்படியில் நிறுத்தி வைத்திருக்கும் வீடு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வரும் ஜனனி. குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். அவர் சொன்ன "இந்தாம்மா ஏய்" தமிழ்நாடு முழுக்கப் பரவியது, ஒரு எபிசோட் கூடப் பார்க்காத காலேஜ் பையன்கள் கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இதெல்லாம் ஒசந்த கலை என்று சொல்ல வரவில்லை, கீழே வந்து யாரும் அதற்காகச் சண்டைக்கு நிற்க வேண்டாம். இழுத்தார்கள்தான். அந்த வீட்டு அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்துப் பங்கை வைத்து எத்தனை மாதம் ஓட்டினார்கள் என்று எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஒரு ஆள் ஒரு வார்த்தை சொன்னால் சுற்றி நிற்கும் பத்து முகத்தையும் காட்டி முடிப்பதற்குள் பாதி எபிசோட் போய்விடும். ஆனால் அந்த நாலு மருமகள்களும் ராத்திரி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவார்களே, அந்த மாதிரி ஒரு பேச்சை நான் வேறு எந்தத் தொடரிலும் கேட்டதில்லை. நந்தினி ஏதாவது எடக்காகச் சொல்லும், மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள், ஹாலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நாலு வாயும் மூடிக்கொள்ளும். அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். என் அம்மா வீட்டிலும் கேட்டிருக்கிறேன், இங்கேயும் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குத் தேனிப் பக்கம். என் அத்தை, அதாவது மாமியார், பிறந்தது கடமலைக்குண்டு பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மாரிமுத்துவுக்கும் அங்கிட்டுத்தான், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. அது தெரிந்ததும் அத்தைக்கு ஒரு பக்கம் பெருமை. பகலில் பக்கத்து வீட்டில் போய் "நம்ம ஊர்க்காரவுக, சினிமால டைரக்டரா இருந்தவுக" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவார். ராத்திரி ஒன்பதரை ஆனால் அதே ஆளை "எடுபட்ட பய" என்பார். பகலில் பேசுவது நடிகரைப் பற்றி, ராத்திரி திட்டுவது குணசேகரனை. இரண்டும் அவருக்குக் குழம்பியதே இல்லை.

தொடரில் குணசேகரனின் தங்கை ஆதிரை கல்யாணம் நடந்தபோது, 2023ல், நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண் விரும்பியது அருணை. அண்ணிகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவோ பாடுபட்டார்கள். நாங்களும் நாளைக்கு நடந்துவிடும், நாளைக்கு நடந்துவிடும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் கரிகாலன் தாலியைக் கட்டிவிட்டான். அத்தை டிவியை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வந்து, "ஒரு நாடகத்துக்கு இம்புட்டா" என்று கேட்டார். 2019ல் மான்செஸ்டரில் தோனி ரன் அவுட் ஆன அன்று இதே மனிதர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மொட்டை மாடியில் போய்ப் படுத்தவர். அன்றைக்கு நாங்கள் யாரும் அவரிடம் இப்படிக் கேட்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் 2023 செப்டம்பர் 8. வெள்ளிக்கிழமை. காலையில் டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்து இறந்துவிட்டார் என்று செய்தி. நான் ஒரு கல்யாண ரவிக்கைக்கு ஆரி எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தேன், மறுநாள் கொடுக்க வேண்டியது. எதிர் வீட்டுப் பையன் ஓடி வந்து போனைக் காட்டினான். அவன் அதோடு விட்டிருக்கலாம். சில நாட்களுக்கு முன்னால் வந்த எபிசோடில் குணசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று பேசும் காட்சி ஒன்று உண்டு. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் வெட்டி வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதையும் அத்தையிடம் காட்டிவிட்டு, "பாட்டி, நீ விட்ட சாபம் பலிச்சிருச்சு பாத்தியா" என்றான். பதினைந்து வயதுப் பையன், விளையாட்டாகத்தான் சொன்னான், அவனைக் குறை சொல்லவில்லை.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்து சாமி ரூமில் விளக்கை ஏற்றினார். மத்தியானம் சாப்பிடவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள் என்று டிவியில் சொன்னதும், "என்னைய ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போவியாப்பா" என்று மகனிடம் கேட்டார். அவர், "நமக்கும் அவருக்கும் என்னம்மா, கூட்டத்துல போய் எங்க நிப்ப" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் கூட்டிக்கொண்டும் போகவில்லை.

ராத்திரி அவர் தூங்கவில்லை. நான் ரவிக்கையை முடிக்க வேண்டியிருந்ததால் முழித்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அறுந்து கிடந்த ஜரிகை நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே, "ஏத்தா, நான் அந்த மனுசனத் திட்டலத்தா" என்றார். "தெரியும் அத்தை, குணசேகரனத்தான திட்டுனீங்க" என்றேன். "அவனையும் இல்ல" என்றார்.

அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி அப்போதே பதினாறு வருஷம், அதற்கு முன்னால் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் அமைப்பாளர் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். அத்தை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். யாருக்கும் சொல்லாமல், அவருடைய அண்ணன் மூலமாக மனுப் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் தபால்காரர் வாசலில் நிறுத்தி, "என்னத்தா, வேலையில சேந்துட்டியா" என்று கேட்டாராம். எந்த வேலை என்று கேட்டதற்கு, "அதான் ஆர்டர் வந்துச்சே, உன் மாமனார் கையிலதான குடுத்தேன், நாலு நாளாச்சு" என்றிருக்கிறார்.

நாலு நாளைக்கு முன்னால் வெந்நீர் அடுப்பில் பழுப்புக் கவர் ஒன்று ஓரம் கருகிக் கிடந்ததை அத்தை பார்த்திருக்கிறார். ஏதோ பழைய காகிதம் என்று நினைத்து, நன்றாக எரியட்டும் என்று குச்சியால் உள்ளே தள்ளியும் விட்டிருக்கிறார். "நாந்தேன் தள்ளிவிட்டேன். அந்த வெந்நியத்தேன் விளாவிக் குடுத்தேன், அவுக குளிச்சாக" என்றார். கேட்டதற்கு மாமனார், "என் வீட்டுப் பொம்பள ஊரான் பிள்ளைக்குச் சோறாக்கிப் போடப் போறதா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். என் மாமனார், அதாவது அத்தையின் வீட்டுக்காரர், பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். வாயே திறக்கவில்லை.

அந்தப் பெரியவரின் படம் எங்கள் ஹாலில் டிவிக்கு நேர் மேலே, சந்தன மாலை போட்டு மாட்டியிருக்கிறது. வெள்ளிதோறும் துடைத்துப் பொட்டு வைப்பது அத்தைதான். பொட்டு வைக்கும்போது ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. வீட்டில் நான்கு பேர் நடுவில் அந்த மனிதரைத் திட்ட முடியுமா? பிள்ளைகளுக்குத் தாத்தா, பேரன்களுக்குக் குலதெய்வம் மாதிரி. ஒன்பதரை மணிக்கு வரும் ஆளைத் திட்டினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் மட்டும் "நடிப்புதானே" என்று சொல்வீர்கள்.

இதைப் படித்துவிட்டு, உன் மாமியார் மட்டும் உன்னை வேலைக்கு அனுப்பினாரா என்று யாராவது கேட்பீர்கள். அனுப்பவில்லை. நான் எம்.எஸ்ஸி. கணக்கு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றரை வருஷம் பாடம் எடுத்தேன். இங்கே வந்ததும் "நம்ம வீட்டுக்கு எதுக்குத்தா அதெல்லாம்" என்று சொன்னது இதே அத்தைதான். தொடரில் மாமியார் விசாலாட்சி மகன் பக்கம் நின்று மருமகள்களைப் பேசும்போதெல்லாம் அத்தை திட்ட மாட்டார், சும்மா இருப்பார், அல்லது தண்ணி குடிக்க எழுந்து போவார். அந்த ராத்திரியும் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஆரி வேலை பழகப் போனபோது, வாசல் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்து, யார் வந்து என்ன கேட்டாலும் "அது தொழில் பண்ணுது" என்று சொன்னவரும் அவர்தான்.

தொழில் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒரு வங்கியில் கடனைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் "தையல், ஆரி வேலை" என்று தெளிவாக எழுதியிருந்தேன். உள்ளே இருந்தவர் அதை அடித்துவிட்டு இல்லத்தரசி என்று எழுதினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதே வங்கிக்கு மாதா மாதம் தவணை கட்டுகிறவள் நான், ரவிக்கை தைத்த காசில்தான் கட்டுகிறேன். என் கடன், என் கையெழுத்து, ஆனாலும் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். மறுபடி புதுப் படிவம் வாங்கி அதே வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதையும் அடித்தார்களா என்று தெரியவில்லை. இல்லத்தரசி என்பது கேவலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் எழுதியதை ஏன் அடிக்க வேண்டும்? உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். எழுத உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

மாரிமுத்து போன பிறகு சில வாரம் குணசேகரன் இல்லாமலே கதையை ஓட்டினார்கள், அப்புறம் வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், மீசையும் பார்வையும் மிரட்டும். ஆனால் மாரிமுத்து குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே ஒரு பெண்ணை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாரே, அது எல்லா வீட்டிலும் நடக்கிற விதம், அது திரும்ப வரவில்லை. இது என் கருத்து மட்டும்தான். அத்தை பத்துப் பதினைந்து நாள் டிவி பக்கமே வரவில்லை. வந்த பிறகும் திட்டவில்லை. குணசேகரன் பேச ஆரம்பித்தால் காய்ந்த துணியை எடுத்து மடிப்பார். மடித்ததையே பிரித்து மறுபடி மடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில் ஆரம்பித்தது. ஜனனியாக வேறு பெண் நடிக்கிறார். அதற்குப் பழக எங்களுக்குக் கொஞ்ச நாள் ஆனது. அத்தை இப்போது மறுபடி திட்டுகிறார், பழைய அளவுக்கு இல்லை. யாராவது ஒரு வில்லன் புதிதாக வந்து அட்டூழியம் பண்ண ஆரம்பித்தால், முதல் ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார். அப்புறம் விளம்பரம் போட்டதும் என் போனைக் காட்டி, "ஏத்தா, இதுல பாத்துச் சொல்லு, இந்த ஆளு நெசத்துல நல்லாருக்காகள்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லேல்ல" என்று கேட்பார். நான் தேடிப் பார்த்து, நன்றாக இருக்கிறார் அத்தை, போன வாரம் கூட ஒரு விழாவுக்கு வந்திருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பார்.