புத்தகம் விற்ற பணத்தை அறப்பணிக்குக் கொடுப்பதாகச் சொல்லும் எழுத்தாளர்களை நம்பலாமா? அதனால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

நம்பலாம். ஆனால் பின்னட்டையில் 'வருமானம்' என்று போட்டிருக்கிறதா, 'லாபம்' என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நம்புங்கள். இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது என் சொந்தப் புத்தகத்தின் பின்னட்டையில்.

முப்பது வருடத்துக்கு மேல் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தென்காசிப் பக்கத்து ஊர்களில் கடிதம் கொடுத்த கதைகளை எழுதி, மூன்று வருடத்துக்கு முன் சொந்தச் செலவில் 300 பிரதி அச்சடித்தேன். விலை 200 ரூபாய். நான் தபால் கொடுக்கும் பகுதியில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே உள்ளவர்களுக்கு வரும் மணியார்டர்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பாசத்தில் 'இந்நூலின் வருமானம் முழுவதும் அந்த இல்லத்துக்கு' என்று பின்னட்டையில் ஒரு வரி சேர்த்தேன். அச்சகக்காரர் மட்டும், "சார், அந்த வரியை ஒருதடவை யோசிச்சுக்கோங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கணக்கைச் சொல்கிறேன். அச்சுச் செலவு 22,500. நண்பர்கள், உறவினர், பழைய சகாக்கள் என்று 60 பிரதி இலவசமாகப் போனது. (புத்தகம் போட்டவரிடம் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவதை நம் ஊரில் கொஞ்சம் அவமரியாதையாகவே நினைக்கிறார்கள்.) நேரில் 95 பிரதி, பத்து சதவீதம் கழித்து 180 ரூபாய்க்கு விற்றேன்: 17,100. கடைகளுக்கு 120 பிரதி. கடைக்கழிவு 40 சதவீதம் போக, பிரதிக்கு எனக்கு 120 ரூபாய்: 14,400. அதிலும் ஒரு கடை 40 பிரதிக்கான 4,800 ரூபாயை இன்றுவரை தரவில்லை. ஆக கைக்கு வந்தது 26,700. கூரியருக்கு 1,900 ஆனது. அச்சுச் செலவையும் கழித்தால் மிச்சம் 2,300 ரூபாய்.

2,300 ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரி பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். "வருமானம்னுதான போட்டிருக்கீங்க, லாபம்னா போட்டிருக்கீங்க?"

சரி என்று 26,700 ரூபாயையும் காசோலையாகக் கொடுத்தேன். அச்சும் கூரியரும் என் ஓய்வூதியத்தில் இருந்து போனது. பேசாமல் ஆரம்பத்திலேயே 25,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் இல்லத்துக்கும் கிட்டத்தட்ட அதே பணம் கிடைத்திருக்கும், கட்டிலுக்கு அடியில் 25 பிரதியும் மிஞ்சியிருக்காது.

காசோலையை வாங்கிக்கொண்ட நிர்வாகி அம்மா சந்தோஷமாகத்தான் வாங்கினார். அப்புறம் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. இது இந்த ஒரு தடவைதானா, இல்ல மாசாமாசம் ஏதும் வருமா?"

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் அவர் கேட்ட அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. புத்தகம் வெளியாகி முதல் சில மாதங்கள் விற்கும், பிறகு படுத்துவிடும். பெரும்பாலான புத்தகங்களின் கதி இதுதான். இல்லத்துக்கோ அரிசியும் மாத்திரையும் மாதாமாதம் வேண்டும். மணியார்டர் ஒரு மாதம் பிந்தினால் வாசலில் நிற்கும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் புத்தகம் போடும்போது அது உறைக்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்களைத் தேடிப் படித்தபோது மனதில் நின்றவர் ஜே. எம். பேரி, 'பீட்டர் பான்' என்ற குழந்தைகள் நாடகத்தை எழுதியவர். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 1852இல் பத்துப் படுக்கையோடு தொடங்கியது. அரசு மருத்துவத் திட்டம் அங்கே வந்தது 1948இல்தான். அதுவரை நன்கொடையை நம்பித்தான் ஓட்டம். 1858இல் சார்லஸ் டிக்கன்ஸ் மேடையேறித் தன் கதையை வாசித்து அதற்கு நிதி திரட்டிக் கொடுத்திருக்கிறார். 1929இல் மருத்துவமனையை விரிவாக்க நிலம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு நிதி சேர்க்கும் குழுவில் இருங்கள் என்று பேரியைக் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றார், வேறு வழியில் உதவ முடிகிறதா பார்க்கிறேன் என்றார். கொஞ்ச நாளில் 'பீட்டர் பான்' உரிமையையே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பணமாகக் கொடுத்திருந்தால் அந்த நிலத்தோடு தீர்ந்திருக்கும். இவர் கொடுத்தது 1904 முதல் மேடையேறிக்கொண்டிருந்த நாடகம். கிறிஸ்துமஸ் வந்தால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு 'பீட்டர் பான்' பார்க்கப் போவது அங்கே பல குடும்பங்களுக்கு வழக்கம். பேரி 1937இல் இறந்த பிறகும் நாடகம் நின்றுவிடவில்லை, பணமும் நிற்கவில்லை. எவ்வளவு வருகிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். மருத்துவமனையும் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறது. பின்னட்டையில் போட்டு ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அதைவிட ஆச்சரியம் பின்னால் நடந்தது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டில் காப்புரிமை முடியும். 1987 முடிவில் 'பீட்டர் பான்' உரிமையும் முடிந்தது. அப்போது முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் காலகன் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் மனைவி ஆட்ரி அந்த மருத்துவமனை நிர்வாகத்தில் நீண்டகாலம் பொறுப்பு வகித்தவர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது சேர்ந்தது: பிரிட்டனில் 'பீட்டர் பான்' நாடகமோ புத்தகமோ வந்தால் மருத்துவமனைக்கு ராயல்டி, அதாவது உரிமைத்தொகை, போக வேண்டும், காலவரம்பு கிடையாது. நாடகம் போடாதே என்று தடுக்கும் அதிகாரம் மட்டும் மருத்துவமனைக்கு இல்லை. ஒரு கதைக்காக ஒரு நாடாளுமன்றம் இப்படி வளைந்து கொடுத்ததாக வேறு உதாரணம் நான் கேள்விப்பட்டதில்லை.

எல்லோருடைய கதையும் 'பீட்டர் பான்' ஆகிவிடாது, அது வேறு விஷயம். நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவர் டொமினிக் லாப்பியர். கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவின் சேரி வாழ்க்கையை வைத்து 1985இல் 'சிட்டி ஆஃப் ஜாய்' எழுதிய பிரெஞ்சுக்காரர். தன் ராயல்டியில் பாதி என்று தெளிவாகச் சொன்னார். தொழுநோயாளிகளின் குழந்தைகளுக்கான இல்லம், சுந்தரவனத் தீவுகளுக்குப் போகும் படகு மருத்துவமனை என்று அந்தப் பணம் போனது. வாசகர்களும் அவருக்குப் பணம் அனுப்பினார்கள். ஆனாலும் ஒரு புத்தகத்தோடு அவர் ஓய முடியவில்லை. படகுக்கு டீசல் வேண்டுமே. ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். பிறகு போபால் விஷவாயுவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதன் பணத்தில் அங்கே உள்ள சம்பாவ்னா மருத்துவமனைக்கும் உதவினார். 2008இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 2022இல் காலமானார்.

ஜே. கே. ரௌலிங் 2001இல் ஹாரி பாட்டர் உலகத்தை ஒட்டி இரண்டு சின்னப் புத்தகங்களை காமிக் ரிலீஃப் என்ற பிரிட்டிஷ் அறப்பணி அமைப்புக்காகவே எழுதினார். அதில் பதிப்பகம் முதல் கடைக்காரர்கள் வரை பலர் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. என் 40 சதவீதக் கழிவு போன இடம் எனக்குத்தானே தெரியும்.

நீங்களும் இப்படிச் செய்ய நினைத்தால், நான் இடறிய இடங்களைச் சொல்கிறேன். 'ராயல்டியில் இத்தனை பங்கு' அல்லது 'விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இத்தனை ரூபாய்' என்று போடுங்கள். 'லாபம்' என்று போட்டால் பெரும்பாலும் அது பூஜ்யம், 'வருமானம்' என்று போட்டால் என் கதைதான். புத்தகத்துக்குக் காசு கொடுத்த இரண்டு பேர், நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி ரசீது கேட்டார்கள். வாங்கியவர் புத்தகம்தான் வாங்கினார், நன்கொடை கொடுக்கவில்லை. வரிச்சலுகை இல்லத்துக்குப் பணம் கட்டுபவருக்குத்தான், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

பேரி மாதிரி உரிமையையே கொடுக்க ஆசைப்பட்டால் கடிதத்தில் கையெழுத்து மட்டும் போதாது. இந்தியாவில் காப்புரிமை எழுத்தாளர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு இருக்கும். ஆனால் உரிமை மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்தே ஆண்டாக எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இதை ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

'அதனால் ஏதாவது நடக்கிறதா' என்று கேட்டீர்கள். என் விஷயத்தில் நடந்தது நான் எதிர்பார்த்தது அல்ல. புத்தகத்தைப் படித்த ஒரு வாசகர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர், இல்லத்தின் பெயரைப் பின்னட்டையில் பார்த்து நேராக அங்கே போன் செய்திருக்கிறார். அன்றிலிருந்து மாதம் 1,500 ரூபாய் அனுப்புகிறார். நிர்வாகி அம்மாவின் கேள்விக்கு நான் சொல்லாத பதிலை அவர் சொல்லிவிட்டார். நானும் மாதம் 500 அனுப்பத் தொடங்கினேன், வீட்டுக்காரி முறைத்ததால் 700 ஆக்கினேன்.

இரண்டாம் பதிப்பு வந்தால் 'விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 20 ரூபாய்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். அச்சகக்காரர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். ஆனால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் 25 பிரதி முதலில் தீரட்டும் என்று வீட்டில் உத்தரவு.