டவுன் சின்ட்ரோம் உள்ள தம்பிக்குப் பாடசாலை முடிகிறது. கொழும்பில் அவனுக்கு வேலை கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. தம்பிக்கு 18 வயது. விசேட பாடசாலையில் இந்த வருடத்தோடு முடிகிறது. "அவன் வீட்டிலேயே இருக்கட்டும், எங்களுக்கு என்ன பாரமா" என்கிறார் அம்மா. அக்காவான உங்களுக்கு மனம் கேட்கவில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவர் உண்மையாகவே வேலை செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

முடியும். நானும் ஒரு அக்காதான். என் தம்பி வெள்ளவத்தையில் பாடசாலைச் சாமான் விற்கிற ஒரு கடையில் வேலை செய்கிறான். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான். சம்பளம் அவனுடைய பெயரிலுள்ள கணக்குக்கு வருகிறது. இந்த நிலைக்கு வர எங்களுக்கு வருடக்கணக்கில் எடுத்தது. அதில் நான் கண்டதை முதலே சொல்லிவிடுகிறேன்: கடை பெரியதா, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. அங்கே தம்பிக்கென்று நிற்கக்கூடிய ஒரு ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்த ஆள் இருந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல முதலாளியானாலும் சில மாதங்களில் "கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்" என்று தொலைபேசி வரும்.

அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். அது பாசம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. 1983இல் அமெரிக்காவில் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது அளவில் இருந்தது. இன்று அது 60 அளவுக்கு வந்திருக்கிறது. இவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருதயக் குறையோடு பிறக்கிறார்கள். சின்ன வயதிலேயே சத்திரசிகிச்சை செய்ய முடிவதுதான் இந்த மாற்றத்துக்கு ஒரு பெரிய காரணம். அப்படியானால் உங்கள் தம்பிக்கு முன்னால் நாற்பது வருடங்கள் இருக்கலாம். அவ்வளவு காலமும் முன்னறையில் டிவிக்கு முன்னால் இருக்க முடியுமா? அம்மாவும் அப்பாவும் அதுவரை கூட இருப்பார்களா? இதை அம்மாவிடம் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

என் தம்பி வேலை செய்கிற கடையில் சாமான் அறையைப் பார்க்கிறவர் ஒரு சிங்கள அக்கா. தம்பி அவரை "அக்கே" என்றுதான் கூப்பிடுவான். 80 பக்கம், 120 பக்கம், 160 பக்கம் என்று கொப்பிக் கட்டுகளைப் பிரித்து அடுக்குவதும் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவன் வேலை. தொடக்கத்தில் எல்லாம் கலந்துபோயின. அந்த அக்கா ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிற டேப் ஒட்டினார். சரியாக அடுக்கிய தட்டைப் படமெடுத்து, பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். தம்பி படத்தைப் பார்ப்பான், தட்டைப் பார்ப்பான், வித்தியாசம் இருந்தால் தானே திருத்துவான். டவுன் சின்ட்ரோம் உள்ள பெரும்பாலானோருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது மனதில் நிற்கும். இதை எந்தப் புத்தகமும் வாசிக்காமல் அவர் கண்டுபிடித்தார். கடைப் பெடியன்மாரிடமும் சொல்லிவைத்தார்: "ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், அது முடிந்தபிறகு அடுத்ததைச் சொல்லுங்கள்."

அவர் மகப்பேற்று லீவில் போனபோது எல்லாம் ஆட்டம் கண்டது. தம்பி காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்வான். புதிதாக வந்தவர் ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லுவார், இவன் அப்படியே நின்றுவிடுவான், உடனே "சொல்வழி கேளான்" என்ற பேச்சு வரும். பிறகு கடையில் நிற்கிற ஒரு இளம் பெடியனை அந்த அக்காவே தொலைபேசியில் பழக்கினார். ஆகவே ஒரு ஆளை மட்டும் நம்பியிராமல் இரண்டாவது ஆளையும் ஆரம்பத்திலேயே கேட்டுவையுங்கள்.

பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று சீதுவையில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா என்று முதலே கேளுங்கள். என் அபிப்பிராயம் மட்டும் வேறு: ஓரிடத்தில் படித்ததை இன்னோர் இடத்தில் மாற்றிச் செய்வது இவர்களுக்குக் கடினம். அங்கே மேசையில் அழகாக உறை மடித்த பிள்ளை, கடைச் சத்தத்துக்குள் அதே உறையைப் பார்த்துத் திகைத்து நிற்கும். முதலில் வேலையிடத்தைப் பிடித்து, பயிற்சியை அந்த இடத்திலேயே, அந்தச் சாமான்களோடே கொடுப்பது எவ்வளவோ நல்லது. பல நாடுகளில் இந்த வழியில்தான் ஆட்களை வேலைக்கு எடுக்கிறார்கள். கூடவே ஒருவர் நின்று பழக்கிக் கொடுத்து, பிறகு மெல்ல மெல்ல விலகுவார். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் செய்தேன்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தனிப் பிரச்சினை. தம்பி சின்னவனாக இருந்தபோது "ஒரு மொழி போதும், குழப்பாதீர்கள்" என்று எங்களுக்கு அறிவுரை வந்தது. தமிழ் பேசுகிற பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது அரிது என்பதால் வீட்டிலும் சிங்களமோ ஆங்கிலமோ பேசச் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மம்மாவோடு அவன் எந்த மொழியில் கதைப்பான்?" என்று கேட்டார். அது நல்லதாகப் போயிற்று. இரண்டு மொழியோடு வளர்ந்த டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள், ஒரே மொழியோடு வளர்ந்த டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை என்று கனடாவில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இன்று தம்பி வீட்டில் தமிழ், கடையில் தேவையான அளவுக்குச் சிங்களம். வசனம் முழுதாக வராது, ஆனால் வேலைக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அவன் வாயில் இருக்கின்றன. உங்கள் தம்பிக்குச் சிங்களம் வராது என்றால் பயப்படாதீர்கள். வேலையிடத்தில் கேட்கப்போகிற சொற்களை மட்டும் இப்போதே வீட்டில் பழக்குங்கள்.

உடம்பையும் பார்க்க வேண்டும். தம்பி திடீரென்று மந்தமானால் "சோம்பேறி" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் குறைவது சாதாரணம். வருடம் ஒருமுறை இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும், மாத்திரையால் சரிப்படுத்தலாம். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற பிரச்சினையும் பலருக்கு உண்டு. இரவெல்லாம் குறட்டை, பகலில் தூங்கி விழுவது என்றால் டொக்டரிடம் சொல்லுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் காது மந்தமாகிறதும் உண்டு. சொன்னதைச் செய்யவில்லை என்று குறை கேட்டால், அவனுக்குக் கேட்டதா என்று முதலில் சோதியுங்கள். இன்னொன்று, சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளுக்கிடையில் தளர்வு இருக்கும். ஆகவே தலையில் பாரம் தூக்குகிற வேலை வேண்டாம்.

சம்பளம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. தம்பியை முதன்முதல் எடுத்த இடத்தில் மார்ச் 21 ஆம் திகதி, அதாவது உலக டவுன் சின்ட்ரோம் தினத்தன்று, கேக் வெட்டிப் படமெடுத்துப் போட்டார்கள். மாத முடிவில் ஒரு உறையில் கைச்செலவுக்குக் காசு. சம்பளச் சிட்டை கேட்டபோது "நாங்கள் ஒரு உதவியாகத்தானே வைத்திருக்கிறோம்" என்றார்கள். தம்பி அங்கே நாள் முழுக்க நின்று வேலை செய்தான். உதவி செய்தது யார்?

அதனால் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் இருக்கிறது. ஆனால் அது கல்வித் தகைமை கேட்பதால் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. நடைமுறையில் உதவுவது வேறு: 2025 ஏப்ரலில் இருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய், 2026 ஜனவரியில் இருந்து 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) சம்பளத்தில் ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி 3 வீதம். அரை நாள் வேலை என்றால், அரை நாள் நிற்கிற மற்றவருக்கு என்ன கணக்கோ அதையே தம்பிக்கும் கேளுங்கள். சேமலாப நிதிக்குப் பதிந்த அன்று அவன் மற்றவர்களைப் போல ஒரு ஊழியன்.

சொந்தக்காரர்கள் விடயமும் இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது தம்பியை உள்ளறையில் இருக்கச் சொல்லலாம் என்று ஒரு மாமி ஆலோசனை சொன்னார். அவன் முன்னறையில் இருந்தான், பலகாரத் தட்டை நீட்டியதும் அவன்தான். "பரம்பரையா?" என்று கேட்டார்கள். நான் நிறமூர்த்த (குரோமோசோம்) பரிசோதனை அறிக்கையை எடுத்துக் காட்டினேன். 21ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதுதான் காரணம். 95 வீதமானவர்களில் அது முட்டையோ விந்தோ உருவாகும்போது தற்செயலாக நடப்பது. அந்த மேலதிக நிறமூர்த்தம் இன்னொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கிற, நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இருக்கிற இடமாற்ற வகையில்தான், அதிலும் ஒரு பகுதியினருக்குத்தான், பெற்றோர் வழியாக வரும். உங்கள் வீட்டில் பரிசோதனை செய்திராவிட்டால் கின்சி வீதியில் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் விசாரியுங்கள். கலியாணப் பேச்சில் மனம் நொந்து வாதாடுவதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். ஆடிவேல் நாட்களில் தண்ணீர்ப்பந்தலில் தம்பி சர்பத் கொடுப்பான், அங்கேதான் இன்றைய முதலாளி அவனை முதலில் கண்டார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இலங்கையிலும் இருக்கிறது. வேலைக்குப் போகிற பிள்ளைக்கும் சிநேகிதர்கள் வேண்டும்.

பாடசாலை முடியுமுன் அடையாள அட்டை எடுங்கள், வங்கிக் கணக்கு திறவுங்கள், காலி வீதியில் 100, 101 பஸ் இலக்கங்களைப் படிக்கவும் பாதசாரிக் கடவையில் நின்று கடக்கவும் பழக்குங்கள். பெரிய நிறுவனங்களைக் கேட்பதானால் இலங்கை முதலாளிமார் சம்மேளனத்துக்கு எழுதிப் பார்க்கலாம், மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காக அவர்கள் ஒரு வலையமைப்பை வைத்திருக்கிறார்கள். தெரிந்த கடையானால் "என் தம்பிக்கு ஒரு வேலை தாருங்கள்" என்று தொடங்காமல், "காலையில் யாருக்கும் நேரமில்லாமல் தேங்கிக் கிடக்கிற வேலை எது?" என்று கேளுங்கள். எங்கள் கடையில் அது விலை ஒட்டுவது. புடவைக்கடையில் விரித்த சேலைகளைத் திரும்ப மடிப்பதாக இருக்கலாம், மருந்துக்கடையில் வெறும் பெட்டிகளைப் பிரித்து ஒதுக்குவதாக இருக்கலாம். அதைத் தம்பி செய்வதை அவர்கள் ஒரு காலை முழுக்கப் பார்க்கட்டும், சம்பளப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.