டெல்லி கணேஷ்: கேள்விகளும் என் பதில்களும்

நடிகர் டெல்லி கணேஷ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நாடகம், சினிமா, சீரியல் என்று மூன்றையும் கலந்து கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: பேரிலேயே டெல்லி இருக்கே, அவர் அந்தப் பக்கத்துக்காரரா?

இல்லை. நெல்லைச் சீமை. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கிற வல்லநாடு. 1944 ஆகஸ்ட் 1 பிறப்பு, இயற்பெயர் கணேசன். 1964 முதல் 1974 வரை பத்து வருஷம் இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்திருக்கிறார். சினிமாவுக்கு வந்தபோது டெல்லியைப் பெயருக்கு முன்னால் போட்டது இயக்குநர் கே. பாலசந்தர்.

அந்தக் கால நாடக உலகில் இது சகஜம். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் மேஜராக நடித்தவர் கடைசிவரை மேஜர் சுந்தர்ராஜன். சோ நாடகத்துப் பாத்திரத்தின் பெயர் ராமமூர்த்தியோடு ஒட்டிக்கொள்ள, அவர் காத்தாடி ராமமூர்த்தி.

கே: முதல் படம் எப்படிக் கிடைத்தது சார்? வாய்ப்புத் தேடி அலைந்தாரா?

சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்துக்கொண்டிருந்தார். விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் 1977-ல் படமாக எடுத்தார். அதில்தான் அறிமுகம். அப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இருபது வயதில் வந்திருந்தால் கதாநாயகனின் நண்பனாக நாலு படம் நடித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. அவருடைய முகமும் குரலும் நடுவயதுக்காரருக்கு உரியவை. வந்த நேரம்தான் சரியான நேரம்.

கே: நாடகத்திலிருந்து வந்தவர்கள் என்றாலே ஓவர் ஆக்டிங் என்கிறார்களே. இவர் மட்டும் எப்படித் தப்பினார்?

எல்லா நாடகமும் ஒன்றில்லை. பழைய கம்பெனி நாடகத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும், வீச்சு பெரிதாக இருந்தே தீரும். 1960, 70-களின் சென்னை சபா நாடகம் வேறு ஜாதி. மேலே தொங்குகிற மைக், ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு வாசல். அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வசனத்தாலேயே ஓட்டவேண்டும். பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் ஆபீஸ் முடிந்து வந்த குமாஸ்தாக்கள். நடிக்கிறவர்களும் பகலில் குமாஸ்தாக்கள்தான். பேச்சு வீட்டில் பேசுகிற மாதிரி இல்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த மேடை இரண்டு பழக்கங்களைக் கற்றுத் தந்தது. ஒன்று, சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருப்பது. சீக்கிரம் பேசினால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும், தாமதித்தால் காட்சி தொய்ந்துவிடும். இரண்டாவது, எதிராளி பேசும்போது என்ன செய்வது என்பது. மேடையில் குளோசப் கிடையாது. நீங்கள் சும்மா நின்றால் மொத்த சபாவும் அதைப் பார்க்கும். டெல்லி கணேஷிடம் கவனியுங்கள், மற்றவர் பேசுகிற நேரத்தில்தான் அவருடைய பாதி நடிப்பு நடக்கும். கண்ணாடியைச் சரிசெய்வதோ முகத்தைத் துடைப்பதோ இல்லை, கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் ரொம்பக் குறைவு.

கே: அவர் நடித்ததில் சிறந்தது எது? 'மைக்கேல் மதன காமராஜன்' என்று சொல்லிவிடாதீர்கள்!

சொல்ல மாட்டேன். 'பசி' (1979). துரை இயக்கிய படம். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது என்பதே எல்லாருக்கும் ஞாபகம். அதில் ஷோபாவின் அப்பா, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டி, டெல்லி கணேஷ். மாநில அரசின் சிறப்புப் பரிசு இதற்குத்தான்.

நெல்லையில் பிறந்து, டெல்லியில் சீருடை போட்டு, சபாவில் நடுத்தர வர்க்கத்து அப்பாவாகப் பேர் எடுத்தவர், சென்னைக் குடிசைப் பகுதி ரிக்‌ஷாக்காரராக மாறுகிறார். பாஷையைப் பிடித்தது பெரிதில்லை, மெட்ராஸ் பாஷையை யார் வேண்டுமானாலும் வேடிக்கையாகப் பேசிக் கைதட்டல் வாங்கலாம். இவர் அதைச் சிரிப்புக்காகப் பேசவில்லை. அந்த மனிதனின் களைப்பு பேச்சிலேயே இருக்கும். இவ்வளவு செய்த ஆளுக்கு அப்புறம் அப்படியொரு பாத்திரம் திரும்ப வரவில்லை. தமிழ் சினிமா மேல் எனக்கு இருக்கிற பழைய கோபம் இது.

கே: ஹீரோவா நடிச்சிருக்காரா அண்ணா?

'எங்கம்மா மகாராணி' (1981). அதோடு சரி.

கே: ஏன் எப்போதும் ஐயர் வேஷம்? அவரையே அப்படி முத்திரை குத்திவிட்டார்களே.

குத்தினார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐயர்கள் எல்லாரும் ஒரே ஆள் இல்லை. 'நாயகன்' (1987) ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி தெரியாத வேலு நாயக்கருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறவர். பம்பாய் தாதாவின் வலதுகையாக ஒரு குடுமி வைக்காத, சத்தம் போடாத ஐயர்! 'அவ்வை சண்முகி' (1996) சேதுராமையர் இன்னொரு துருவம், ஜெமினி கணேசன் வீட்டு ஆள், மூக்கை எல்லா இடத்திலும் நுழைக்கிறவர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பாலக்காடு மணி ஐயர் சமையல்காரர், பயந்த சுபாவம், மகன்மேல் உயிர்.

இடையில் 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வருகிறது. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், கூட இவர் என்று வில்லன்கள் நால்வர். பெயர் பிரான்சிஸ் அன்பரசு. அதற்கு மறு வருஷமே மணி ஐயர். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

கே: கமல் படங்களில் மட்டும் அவர் அப்படி ஜொலிக்க என்ன காரணம்? கிரேசி மோகன் வசனமா?

வசனம் பாதி. கிரேசி மோகன் எழுத்து சபா எழுத்து. ஒருத்தர் சொன்ன கடைசி வார்த்தையை அடுத்தவர் தப்பாகப் பிடித்துக்கொண்டு ஓடுவார், மூன்றாமவர் அதைத் திருத்தப் போய் இன்னும் குழப்புவார். இடைவெளி ஒரு நொடி கூடினால் நகைச்சுவை செத்துப்போகும். இதற்கு மேடையில் பழகியவர்கள் வேண்டும். 'மைக்கேல் மதன காமராஜன்' நடிகர் பட்டியலைப் பார்த்தால் நாகேஷ், எஸ்.என். லட்சுமி, டெல்லி கணேஷ் எல்லாருமே நாடகத்தில் வளர்ந்தவர்கள். கமலே சிறுவனாக டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் இருந்தவர். மேடையில் அவ்வையாராக நடித்த டி.கே. சண்முகத்துக்கு மரியாதையாகத்தான் 'அவ்வை சண்முகி' என்ற தலைப்பு.

இன்னொரு விஷயம், மணி ஐயருக்குத் தான் காமெடிப் படத்தில் இருப்பது தெரியாது. கல்யாணச் சமையல் கெட்டுப்போனால் மானம் போய்விடும் என்று நிஜமாகவே பதறுகிறார். அந்தப் பதற்றம் உண்மையாக இருப்பதால்தான் சாம்பாரில் மீன் விழும் கலாட்டா இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது.

கே: சீரியலில் நடித்தது அவருக்குப் பின்னடைவு இல்லையா? எனக்கு என்னவோ வருத்தமாக இருந்தது.

உங்கள் வருத்தம் புரிகிறதம்மா, ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'மர்மதேசம்' வந்த காலத்தில் சின்னத்திரைக்குத் தனி மரியாதை இருந்தது. பிறகு வந்த 'கஸ்தூரி', 'செல்லமே' போன்றவை தினசரித் தொடர்கள். அங்கே வேலை முறையே வேறு. வசனத் தாள் பல நேரம் அன்றைக்குத்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரிவரியாகப் பிராம்ட் பண்ண, நடிகர் கேட்டுத் திருப்பிச் சொல்லுவார். நாள் ஒன்றுக்கு சினிமாவைவிடப் பல மடங்கு காட்சி முடித்தாக வேண்டும். இந்த வேகத்தில் இயல்பாகத் தெரிவது சாதாரணக் காரியம் இல்லை. தவிர, நடிகருக்கு மாதாமாதம் வருமானம் தருவது சீரியல்தான். குணச்சித்திர நடிகருக்கு சினிமாவில் பத்து நாள் வேலை இருந்தால் இருபது நாள் இருக்காது.

கே: கடைசி வருடங்களில் என்ன செய்தார்?

நடித்துக்கொண்டே இருந்தார். பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படி இருக்கும் என்று இளைஞர்கள் எடுத்த இணையக் குறும்படத்தில்கூட பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் மாதிரி வேஷத்தில் வருவார். 2024-ல் 'இந்தியன் 2' வெளியானது. அதே வருஷம் நவம்பர் 9 அன்று சென்னையில் காலமானார், வயது 80. மொத்தம் நானூறு படங்களுக்கு மேல்.

கே: என் தம்பிக்கு நடிப்பு ஆசை. இவரை மாதிரி நாடகத்தில் ஆரம்பிக்கச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அதே வழி இப்போது இல்லை. வாரம் தவறாமல் நாடகம் போட்ட சபாக்கள் குறைந்துவிட்டன. ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்கள் உடலையும் குரலையும் வேறு விதமாகப் பழக்குகின்றன, பசுபதி அங்கிருந்து வந்தவர். எதில் சேர்ந்தாலும் வேலையை உடனே விட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சபா நடிகர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே மாலையில் ஒத்திகைக்குப் போனவர்கள்.

கே: அவரை அதிகம் பார்த்ததில்லை. மூன்று படம் சொல்லுங்கள்.

முதலில் 'மைக்கேல் மதன காமராஜன்', சுலபமாக உள்ளே போகலாம். அடுத்து 'சிந்து பைரவி' (1985): குடிப்பழக்கத்தால் பாடகர் ஜே.கே.பி.யிடம் அவமானப்படுகிற மிருதங்கக்காரர் குருமூர்த்தி. பின்னால் அந்த ஜே.கே.பி.யே குடியில் விழும்போது குருமூர்த்தியின் முகத்தைக் கவனியுங்கள். மூன்றாவது 'பசி'. அதை மட்டும் இரவில் தனியாகப் பாருங்கள், நடுவில் போனை எடுக்க வேண்டாம்.