ஜம்பர் வயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் டிவி மெக்கானிக்காக இருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் ராக்கெட், செயற்கைக்கோள் என்று எங்கே செய்தி வந்தாலும் விடமாட்டேன். வாயேஜர் 1 விண்கலம் கெட்டுப்போய், அதைப் பூமியிலிருந்தே சரிசெய்தார்கள் என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. மேஜைமேல் கிடக்கிற டிவியையே ஸ்பேர் கிடைக்காமல் திருப்பி அனுப்புகிறவன் நான். கையே வைக்காமல் எப்படி ஐயா? மகன், 'உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்' என்கிறான். இன்னொன்று, வேற்றுக்கிரகவாசிகள் யாராவது கேட்கட்டும் என்று அதில் வைத்து அனுப்பிய இசைத்தட்டில் தமிழ் இல்லையாமே, நிஜமா?

ச.

அன்புள்ள ச.,

பாதி பதில் உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. போர்டில் மின்சாரம் ஓடும் ஒரு டிராக் போய்விட்டால் ஜம்பர் வயர் வைத்துச் சுற்றிக்கொண்டு போவீர்கள் அல்லவா? நாசாக்காரர்கள் வாயேஜருக்குச் செய்ததும் அதுதான். வயர் மட்டும் கிடையாது.

2023 நவம்பரில் வாயேஜர் உளற ஆரம்பித்தது. சிக்னல் வருகிறது, தகவல் இல்லை. கருவிகள் தரும் அளவுகளைத் தொகுத்து அனுப்பும் கணினியில் கோளாறு. 2024 மார்ச்சில் அந்தக் கணினியின் நினைவகம் முழுவதையும் அப்படியே அனுப்பவைத்து, கெடுவதற்கு முன் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டார்கள். சுமார் 3 சதவீதம் பழுது. ஒரே ஒரு சிப் செய்த வேலை. அதிலிருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால், முழுதாக வைக்க எங்கேயும் இடம் இல்லை. சரி என்று துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துபொந்துகளில் சொருகி, ஒரு துண்டு அடுத்ததைத் தேடிப்பிடிக்கும்படி முகவரிகளையும் திருத்தினார்கள். 1977இல் கிளம்பிய கலம் அது. துணைக்கு இருந்தவை பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காகிதங்கள்.

எனக்குத் தூக்கம் போனது அடுத்த இடத்தில். அப்போது தூரம் 2400 கோடி கிலோமீட்டர். கட்டளை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு. ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள், 20ஆம் தேதிதான் தெரிந்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துப் படம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் நீங்கள் என்ன ஆவீர்கள்! அங்கிருந்து பேசும் டிரான்ஸ்மிட்டரின் பவரோ 23 வாட்ஸ் அளவுதான். நம் ஜீரோ வாட்ஸ் பல்பே (பழைய குண்டு பல்பைச் சொல்கிறேன்) 15 வாட்ஸ் வரை இழுக்கும்.

ராக்கெட் நெருப்புக் கக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து எல்லோரும் கை தட்டுகிறோம், நானும்தான். ஆனால் இந்த ரிப்பேர் வேலைக்கு அது ஈடாகாது என்பது என் கட்சி. இதிலும் ஒரு கவலை உண்டு. கலத்துக்குப் புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து கிடைக்கும் மின்சாரம் ஆண்டுக்கு 4 வாட்ஸ் வீதம் குறைகிறது. ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மகன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் இதையேதான் கேட்கிறார்கள்.

தமிழ் இல்லை என்பது நிஜம். 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. சதி என்றெல்லாம் நினைக்காதீர்கள். வானியலாளர் கார்ல் சேகன் குழு அவசர அவசரமாகச் செய்த வேலை. பெரும்பாலும் அவர் இருந்த கார்னெல் பல்கலைக்கழகத்திலேயே, கிடைத்த ஆட்களைப் பேசவைத்துப் பதிந்தார்கள். அன்றைக்கு நம் ஆள் ஒருவர் அந்தப் பக்கம் போயிருந்தால் ஒரு 'வணக்கம்' போய்ச்சேர்ந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அப்புறம், இன்னொரு நட்சத்திரத்தின் பக்கமாகப் போகவே அதற்கு 40,000 ஆண்டுகள் ஆகும். எதற்கும் இருக்கட்டும் என்று தட்டோடு ஊசியும் வைத்து, எப்படி ஓட்டுவது என்று உறையில் படமாகவே செதுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. சர்க்யூட் டயக்ராம் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. புரிந்தால் எழுதுங்கள்.