மாமான்னா எந்த ஊர்ல யாரு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கொரியன் சீரியல்ல அப்பாவ அப்பான்னு தான் கூப்பிடுறாங்க, அம்மாவும் கிட்டத்தட்ட அம்மா தான், புல்லுக்குக்கூட புல்னு தான் சொல்றாங்களாம். கொரியன் தமிழ்ல இருந்து பொறந்ததுன்னு வாட்ஸப்ல வருதே, உண்மையா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: நீங்க காதுல கேட்டது சரி தாங்க, ஆனா சீரியல்ல வர்ற ஓப்பா வேற, அது பொண்ணுங்க அண்ணன கூப்பிடுறது, அதோட சேத்து குழப்பிக்காதீங்க. இந்த ஒற்றுமை ரொம்ப நாளாவே கண்ணுல பட்டது தான், ஹோமர் ஹல்பர்ட்னு கொரியாவுல இருந்த ஒரு அமெரிக்கர் 1905லயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண புக்கே போட்டாரு. ஆனாலும் மொழி ஆய்வு பண்றவங்க பெரும்பாலும் இத ஏத்துக்கல. காரணம் என்னன்னா, சொந்தம்னா மாத்தம் ஒரே ஒழுங்கா நடந்திருக்கணும். கன்னடத்த பாருங்க, நம்ம பால் அங்க ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, வரிசையா ப போயி ஹ வந்து நிக்குது பாருங்க, அதாங்க சொந்தம். கொரியன்ல அப்படி ஒரு வரிசை கிடைக்கல. புல் புல்லாவே இருக்கு சரி, ஆனா தண்ணி முல், கண்ணு நுன், ஒண்ணு ரெண்டு மூணு ஹனா தூல் செத். நாலஞ்சு வார்த்தை ஒத்துப்போறத வச்சு ஒரு மொழியவே நம்ம வீட்டுப் புள்ளைன்னு சொல்லிட முடியாது, அது தமிழுக்கு பெருமையும் இல்லன்னு தான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: அப்போ அம்மா அப்பா மட்டும் எப்படி இத்தன மொழில ஒரே மாதிரி இருக்கு? நம்ம மாமா வேற எங்கயாவது இருக்காரா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: நிறைய ஊர்ல இருக்காரு, ஆனா ஊருக்கு ஊரு ஆள் மாறிடுது. நமக்கு அம்மாவோட கூடப்பொறந்தவரு மாமா, அத்தை வீட்டுக்காரரும் மாமா, மாமனாரும் மாமா, ஏன்னா நம்ம பக்கம் மாமன் பொண்ணு அத்தை பையன்னு கட்டிக்கிற வழக்கத்துல மூணும் ஒரே ஆளாவே இருக்கலாம். சீனாவுல மாமான்னா அம்மா, ஸ்வாஹிலிலயும் அம்மா. ஜார்ஜியா நாட்டுக்குப் போனா மாமான்னா அப்பா! அம்மாவுக்கு தேதா. பாதிரியார மாமாவோன்னு தான் கூப்பிடுவாங்க, பரமண்டல ஜெபமே மாமாவோ ச்வேனோன்னு தான் ஆரம்பிக்கும், அதாவது எங்கள் பிதாவே. தாய்மொழிக்கு அங்க தேதா ஏனான்னு பேரு, 1876ல அந்தப் பேர்லயே பிள்ளைங்களுக்கு ஒரு அரிச்சுவடி வந்துச்சு. நடு ஆஸ்திரேலியா பாலைவனத்துல பேசுற பிட்ஜன்ஜாஜரா மொழிலயும் மாமான்னா அப்பா தான். இந்த மொழிங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

ஏன் இப்படின்னா, காரணம் குழந்தையோட வாயி. எங்க அக்கா பேத்திக்கு எட்டு மாசம், கிண்ணத்த பாத்ததும் உதட்ட மூடி மூக்கால ம்ம்ம்னு இழுத்து வாய தொறக்கும், அது மம்மம்மான்னு வெளிய வரும், உடனே நாங்க எல்லாரும் அம்மாவ கூப்பிடுதுன்னு சந்தோஷப்படுவோம். ரோமன் யாக்கப்சன்னு பெரிய மொழியியல் அறிஞர் சொன்னதும் இதே தான், பால் குடிக்கிறப்போ வாய் அடைச்சிருக்கும், மூக்கு வழியா மட்டும் தான் சத்தம் வரும், அப்புறம் பால பாத்தாலே பசிச்சாலே அந்தச் சத்தம் வரும், அதுக்கு அர்த்தம் குடுக்குறது பெரியவங்க. மர்டாக்னு ஒரு மானுடவியலாளர் சேத்து வச்ச 1072 வார்த்தைல, அம்மாவ குறிக்கிறதுல 55 சதவீதத்துல மூக்கொலி இருக்கு, அப்பாவ குறிக்கிறதுல 15 தான். ஜார்ஜியாக்காரங்க இந்த பதினஞ்சுக்குள்ள வர்ற ரகம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது துருக்கி. அங்க மாமான்னா குழந்தைக்கு ஊட்டுற சாப்பாடு! ஜப்பான்ல குழந்தைங்க சோத்த மம்மான்னு கேக்கும், நாம மம்மு சாப்பிடுன்னு சொல்றோம்ல, அதே தான். துருக்கில அம்மாவுக்கு அன்னேன்னு பேரு, நம்ம அன்னை ஞாபகம் வரும், ஆனா அதுவும் இதே கதை தான்.

கேள்வி: குழந்தை பேச்ச விடுங்க, சாதாரண வார்த்தை ஏதாவது தற்செயலா அப்படியே ஒத்துப்போயிருக்கா? (ஒரு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இருக்கும்மா. வடகிழக்கு ஆஸ்திரேலியாவுல ம்பாபரம்னு ஒரு மொழி இருந்துச்சு, 1960கள்ல டிக்சன்னு ஒரு ஆய்வாளர் அத பதிவு பண்ணப்போ நாய்க்கு என்ன வார்த்தைன்னு கேட்டாரு, பதில் டாக்! முதல்ல இங்கிலீஷ் கலந்துடுச்சோன்னு தான் தோணும், ஆனா பக்கத்து யிடிஞ் மொழில நாய்க்கு குடகா, அந்த மாதிரி பழைய வார்த்தை ம்பாபரத்துல முன்னாடியும் பின்னாடியும் தேஞ்சு தேஞ்சு டாக்ல வந்து நின்னுருக்கு. இங்கிலீஷ் டாக் வந்த வழி வேற, பழைய இங்கிலீஷ்ல அது டோக்கா, அதுக்கு முன்னாடி எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னும் யாராலயும் கண்டுபிடிக்க முடியல.