தண்டல் அட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் பி.காம் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இங்கே புள்ளியியலும் நிதியும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இலக்கிய மனம் கொண்ட எனக்கு எண்கள் ஒட்டவே இல்லை. ஏழு எண்களுக்குத் திட்ட விலக்கம் காணப் பத்தாம் வகுப்பில் ஏழால் வகுத்தோம். இங்கே ஆறால் வகுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், 'பார்முலா அப்படித்தான், எழுதிக்கோ' என்கிறார் பேராசிரியர். மனப்பாடம் செய்து தேறிவிட்டு எழுத்துப் பக்கம் வந்துவிடலாமா? எக்செல் கற்பதா, பைத்தான் கற்பதா? பங்குச்சந்தையில் சிறிதாக இறங்கிப் பார்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பங்குச்சந்தை இப்போது வேண்டாம். எக்செல்லோ பைத்தானோ, கல்லூரிக் கணினியில் எது இருக்கிறதோ அது. 'இலக்கிய மனம்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

அப்படி ஒரு மனம் கிடையாது, தம்பி. சோம்பலுக்குப் பட்டுவேட்டி கட்டி விடாதீர்கள். பத்தாம் வகுப்பிலேயே திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் தமிழில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அதே ஆள் கோட்டுப் போட்டு வந்ததும் யாரென்று தெரியவில்லை என்கிறீர்கள். ஆங்கிலப் பாடத்தில் திணறுவது வேறு; அது எனக்கும் இருந்தது. முதல் வருஷம் முழுக்க நோட்டின் ஓரத்தில் பேரேடு, ஐந்தொகை என்று தமிழில் எழுதி வைத்துத்தான் தப்பித்தேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. புனைபெயரில் எழுதுகிறவர்களும் உங்கள் கட்சியில் மட்டும் இல்லை. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட் என்பவர், கையில் நாலைந்து அளவுகள் மட்டும் இருக்கும்போது எதை எவ்வளவு நம்பலாம் என்று யோசித்து 1908-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சொந்தப் பெயரில் எழுத ஆலையில் அனுமதி இல்லை. 'மாணவர்' என்ற பெயரில் எழுதினார். நீங்கள் படிக்கப்போகிற டி-சோதனை அவருடையதுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1988. அம்மா கோயில் வாசலில் பூ விற்றாள். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆயிரம் ரூபாய் தண்டல் வாங்கினாள். அட்டையில் ஆயிரம், கையில் 850. தினம் பத்து ரூபாய், நூறு நாள். அட்டையில் நூறு கட்டம். தண்டல்காரர் சாயங்காலம் வந்து ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டுப் போவார். அதை அம்மா பூக்கூடையிலேயே வைத்திருப்பாள். ஈரத்தில் மை ஊறி, அறுபத்தொன்றா அறுபத்திரண்டா என்று ஒருநாள் தெருவே கூடும்படி சண்டை. "நூத்துக்குப் பதினஞ்சுதானேடா" என்பாள் என்னிடம். நானும் தலையாட்டினேன்.

அதே மாதம் தேர்வில் ஆண்டுத்தொகையின் நிகழ்கால மதிப்புக்கு, அதாவது இனி வரும் தவணைகளெல்லாம் சேர்ந்து இன்றைக்கு எவ்வளவு பெறும் என்ற கணக்குக்கு, முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆண்டுத்தொகை என்றால் என்ன? ஒரே தொகையைத் தவணை தவறாமல் கட்டுவது. அம்மா கட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். எனக்கு உறைக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பத்துப் பத்தாகத் திருப்பிக்கொண்டிருந்ததால் அந்த 850 நூறு நாளும் அவளிடம் இருக்கவில்லை. தோராயமாகப் பாதி, 425 ரூபாய்தான் இருந்தது என்று வையுங்கள். அதற்கு நூறு நாளில் 150 ரூபாய் வட்டி. வருஷத்துக்குப் போட்டால் நூற்றுக்கு 120-ஐத் தாண்டும். நுணுக்கமாகப் போட்டாலும் தாண்டும், போட்டுப் பார்த்துவிட்டேன். பதினைந்தாம்! தண்டலையும் பெயர் சொல்லிச் சேர்த்து அதீத வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2003-ல். நான் இந்தக் கணக்கைப் போட்டது அதற்கும் பிறகு. அப்போது அம்மா இல்லை.

வட்டிகூடப் பெரிதில்லை. செலவெல்லாம் போக அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த காசைச் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: திங்கள் 6, செவ்வாய் 12, புதன் 5, வியாழன் 9, வெள்ளி 31, சனி 14, ஞாயிறு 7. கூட்டினால் 84, சராசரி 12. தவணை பத்துதான். சராசரியை மட்டும் பார்க்கிறவன், கட்டிவிடலாமே என்பான். ஆனால் ஏழில் நான்கு நாள் பத்து தேறவில்லை. வெள்ளிக்கிழமைக் காசு புதன்கிழமைக்கு வராது, ஏனென்றால் அது சனிக்கிழமை விடிகாலையில் பூவாகிவிடும். தவணை அசையாது, வரும்படி ஆடும். அந்த நான்கு நாளும் அவள் பக்கத்துத் தேங்காய்க்கடை அக்காவிடம் கைமாற்றுக்கு நின்றாள். எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் எண்தான் திட்ட விலக்கம். என் பேராசிரியரும் அதை எழுதிப் போட்டார், நானும் எழுதிக்கொண்டேன். பூக்காரி மகன் ஒருவன் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இதை மனப்பாடம் செய்து தள்ளிவிட்டு எழுத வருகிறேன் என்கிறீர்கள். வந்து எதை எழுதுவீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள்மேல் பாதிதான்.

அப்புறம், ஏன் ஆறு என்றுதானே கேட்டிருந்தீர்கள். சராசரி 12 என்று சொன்ன பிறகு, சனி வரை ஆறு நாளைச் சொன்னால் போதும், ஞாயிறு ஏழு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தன்னிஷ்டத்துக்கு இருப்பவை ஆறுதான். அந்த ஒரு வாரம் மட்டுமே உங்கள் கணக்கு என்றால் பள்ளியில் செய்ததுபோல ஏழால் வகுக்கலாம். அதை வைத்து அவளுடைய மற்ற வாரங்களையும் ஊகிக்கப் போனால், சராசரியையும் அதே ஏழிலிருந்து எடுத்ததால் ஆட்டம் கொஞ்சம் குறைந்தே தெரியும். ஆறால் வகுப்பது அதற்கு ஈடு. மேலே உள்ள ஏழு எண்களுக்கும் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். ஒன்பதுக்கு ஒரு மயிரிழை குறைவாக வர வேண்டும். வராவிட்டால் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள்.