ராத்திரியில் போலீஸ் கதவைத் தட்டினால்: வீட்டுச் சோதனையும் தற்காப்பும், கேள்வி பதில்

"போலீஸ் வீட்டுக்குள் வந்தால் எதிர்க்கலாமா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். பதில் எழுதுவதற்குள் கேள்விகள் சேர்ந்துவிட்டன. நீலகிரி கோர்ட்டுகளில் இருபது வருஷத்துக்கு மேல் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டங்களின்படி: எது குற்றம், என்ன தண்டனை என்று சொல்லும் பழைய ஐ.பி.சி. இப்போது பி.என்.எஸ்., கைது, சோதனை முறைகளைச் சொல்லும் பழைய சி.ஆர்.பி.சி. இப்போது பி.என்.எஸ்.எஸ்.

கோத்தகிரி, எஸ்டேட் லயத்திலிருந்து: அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவை இடிச்சாங்க. வாரண்ட் இல்லை. என் வீடு, என் கதவு. தடுத்து அடிச்சா தற்காப்புதானே?

இல்லை தம்பி. பிடிக்காத பதில்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் கதவை உடைத்து வரும் திருடனை, அவன் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்க பி.என்.எஸ். 41 இடம் தருகிறது. அதே கதவைப் போலீஸ் உடைத்தால் 37 குறுக்கே நிற்கிறது. அரசு ஊழியர் தன் பதவியின் பேரில், நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம் சட்டப்படி முழுக்கச் சரியில்லாமல் இருந்தாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தராதவரை அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. "முழுக்கச் சரியில்லாமல் இருந்தாலும்" என்ற இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

டெல்லியில் மாநகராட்சி ஆட்கள் வரி பாக்கிக்காக எருமை பிடிக்கப் போனார்கள். மாட்டுக்காரர் இன்ஸ்பெக்டர் மூக்கில் விட்டார் ஒரு குத்து, எலும்பு முறிந்தது. முறைப்படி நோட்டீஸ் தரவில்லை, அதனால் தடுத்தேன் என்றார். சுப்ரீம் கோர்ட் 1974-ல் அதை ஏற்கவில்லை. கேஷோ ராம் வழக்கு என்று இன்றைக்கும் எங்கள் முகத்துக்கு நேரே எடுத்துக் காட்டுகிறார்கள்.

வந்தவர் மண்டை பிளக்கும்படி அடிக்கிறார் என்றால் கதை வேறு, அப்போது காக்கிச் சட்டை அவரைக் காப்பாற்றாது. தடுக்கலாம், ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. கதவைத் திறக்கும்போது கையில் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) இருக்கக் கூடாது. காலையில் வேலைக்குப் போக எடுத்து வைத்தேன் என்பீர்கள். எப்.ஐ.ஆரில் அது "பயங்கர ஆயுதம்" ஆகிவிடும். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தாக்கியதாக பி.என்.எஸ். 132-வது பிரிவு, இரண்டு வருஷம் வரை ஜெயில்.

அதே ஊர், இன்னொருவர்: மஃப்டியில் நாலு பேர் வந்து "போலீஸ்" என்றால் எப்படி நம்புவது? எங்கள் பக்கம் கரடியே வீட்டுக்கு வருது சார்.

கரடி பெயர் சொல்லாது, எண்ணெய் வாசத்துக்கு நேரே உடைத்துக்கொண்டு வரும். போலீஸ் அப்படிச் செய்யக் கூடாது. யார், எதற்கு வந்தோம் என்று சொல்லி, திறக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உடைக்கலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 44. வந்தவர் அரசு ஊழியர் என்று தெரியாது, நம்பக் காரணமும் இல்லை என்றால் உங்கள் தற்காப்பு உரிமை போய்விடாது என்று 37-லேயே விளக்கம் இருக்கிறது. அதனால் ஜன்னல் வழியாகப் பெயரும் ஸ்டேஷனும் கேளுங்கள், 112-க்குப் போன் போடுங்கள். அழைத்த நேரம் போனில் நிற்கும், அது பின்னால் உங்களுக்குச் சாட்சி. அடையாள அட்டையைப் பார்த்த பிறகு "தெரியாது" என்பது செல்லாது.

குன்னூர்: நாயை அவிழ்த்துவிட்டால்? நான் கை வைக்கவில்லையே!

இதை யோசித்த முதல் ஆள் நீங்கள் இல்லை. ஒருவர் மேல் நாயை ஏவிவிடுவது சட்டத்திலேயே உதாரணமாக இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. கடிநாயின் வாய்க்கூட்டைக் கழற்றத் தொடங்கினாலே தாக்க முனைந்தது ஆகும். கட்டி வையுங்கள்.

ஊட்டி, ஒரு அம்மா: வீட்டில் நானும் மாமியாரும்தான். வாரண்ட் இல்லாமல் வரலாமா? என்ன கேட்க வேண்டும்?

வரலாம் அம்மா. விசாரணை அதிகாரி, வாரண்டுக்குக் காத்திருந்தால் பொருள் கைநழுவும் என்று நினைத்தால், காரணத்தை எழுதி வைத்துவிட்டுச் சோதிக்கலாம் (பி.என்.எஸ்.எஸ். 185). அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்து மதிப்பான இரண்டு பேர் சாட்சியாக வேண்டும் (103). சோதனை முழுவதையும் போலீசே வீடியோ எடுக்க வேண்டும் (105). "வீடியோ ஓடுதா சார்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும். பெண் உடலைப் பெண்தான் சோதிக்கலாம். பெண்ணை இருட்டிய பிறகு கைது செய்ய, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி வர வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையில்தான் அதுவும்.

அவர்கள் போகும்போது மகஜர் (என்னென்ன எடுத்தார்கள் என்று எழுதிய சோதனைப் பத்திரம்) நகல் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம்.

கொடைக்கானல், ஹோம்ஸ்டே நடத்துபவர்: கெஸ்ட் ரூமில் கஞ்சா என்று நடுராத்திரி வந்தார்கள். முறை தப்பினால் கேஸ் நிற்காதுதானே?

போதைப்பொருள் சட்டம் 42-ன்படி, வாரண்ட் இல்லாமல் சூரியன் மறைந்த பிறகு நுழைந்தால் ஏன் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அது உங்கள் வக்கீலுக்கு நல்ல பிடி. ஆனால் சோதனையில் பிசகு என்பதற்காகவே கிடைத்த பொருள் சாட்சியத்திலிருந்து விழுந்துவிடாது, பூரண் மல் வழக்கில் 1973-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. கெஸ்ட் ரெஜிஸ்டரைச் சரியாக வையுங்கள்.

கூடலூர்: காட்டுக்கறி தேடி ஃபாரஸ்ட்காரர்கள் வந்தாலும் இதேதானா?

ஆமாம். 1972 வனவிலங்குச் சட்டம் 50-வது பிரிவு வன அலுவலருக்கும் வீட்டைச் சோதிக்க அதிகாரம் தருகிறது. அவரும் அரசு ஊழியர்தான், 37 அவருக்கும் பொருந்தும்.

பழனி மலையடிவாரம்: அண்ணன் ரவுடி லிஸ்டில் இருந்தான், இப்போது திருந்திவிட்டான். வாரம் ரெண்டு ராத்திரி வந்து எழுப்பிப் பார்க்கிறார்கள்.

விசாரணை எதுவும் இல்லாமல், ஆள் இருக்கிறானா என்று பார்க்க மட்டும் ராத்திரி வீட்டுக்கு வருவதை 1962-ல் கரக் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. கண்காணிப்பையே ஒழித்துவிடவில்லை, ராத்திரி வீட்டு விஜயத்தை ஒழித்தது. வந்த தேதி, மணி, வண்டி நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து வரி சேர்ந்ததும் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அப்புறம் ஹைகோர்ட். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி.

குன்னூர், மகன் அமெரிக்காவில்: அங்கே சுடலாம் என்கிறானே?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இண்டியானாவில் சட்டவிரோதமாக நுழையும் போலீசையும் தடுக்கக் கூடாது என்று 2011-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, மறு வருஷமே சட்டமன்றம் அதை மாற்றியது. 2020 மார்ச்சில் லூயிவில்லில் பிரியோனா டெய்லர் வீட்டுக் கதவைப் போலீஸ் உடைத்தபோது, யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அவர் காதலர் ஒரு முறை சுட்டார். அவர் மேல் போட்ட வழக்கு பின்னால் கைவிடப்பட்டது. போலீஸ் திருப்பிச் சுட்டதில் செத்தது பிரியோனா. மகனிடம் இதையும் சொல்லுங்கள்.